சுரம் தணிக்கும் மூலிகையும் குடியானவர் கடமையும்

புரட்டாசி பிறந்து தென்பெண்ணைக் கரையில் மழை விழத் தொடங்கியதும் நம் கிராமங்களில் இரண்டு காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வது வழக்கம். வயல்களில் களை மிகும். வீடுகளில் சுரம் மிகும். 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருவெள்ளம் ஆற்றோரத்து நிலங்களை மூழ்கடித்ததை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்த இடத்தில் கொசுவும் எலியும் பெருகும் என்பதும், அவற்றின் பின்னே காய்ச்சல் வரும் என்பதும் அனுபவத்தால் அறிந்த விஷயங்களே. அத்தகைய காலங்களில் அநேகமாக எல்லா வீடுகளிலும் அடுப்பில் நிலவேம்பு கொதிப்பதைக் காணலாம்.

சில மாதங்களாக மிராசுதார்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு வருகின்றனர். சீன தேசத்தார் மூலிகைகளைக் கொண்டே சுரத்தைத் தணிக்கின்றார்களாமே, அது எவ்விதம்? அம்மூலிகைகளை நாமும் பயிரிட்டால் என்ன? கரும்பை மட்டும் நம்பியிருக்கும் குடியானவருக்கு ஒரு துணைப் பயிர் தேவை என்பதால், இக்கேள்வி நியாயமானதே. நான் வைத்தியன் அல்லன். விவசாய டிப்ளமா பெற்று, செய்முறை விளக்கம் செய்து காட்டும் ஊழியத்தில் இருப்பவன். ஆயினும் சுர மூலிகையின் குணத்தில் பெரும்பகுதி நிலத்திலேயே தீர்மானமாகிறது என்பதனால், இதைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கூறத் துணிகின்றேன். அது யாதெனில்: மூலிகை சுரத்தைத் தணிப்பது உண்மை, ஆனால் எல்லா மூலிகையும் ஒரே வழியில் தணிப்பதில்லை, அவ்வழியை அறியாமல் பயிரிடுவோனும் குடிப்போனும் ஒருங்கே நஷ்டமடைவர்.

சுரம் என்பது யாது?

ஏரியின் கலங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். கலங்கல் எந்த மட்டத்தில் கட்டப்பட்டிருக்கிறதோ அந்த மட்டத்தில்தான் ஏரியில் நீர் நிற்கும். கலங்கலின்மேல் கற்களையும் பலகைகளையும் அடுக்கி மட்டத்தை ஓரடி உயர்த்திவிட்டால், நீரும் ஓரடி உயர்ந்து நிற்கும். நம் உடலின் சூட்டுக்கும் இத்தகைய கலங்கல் ஒன்று உண்டு. அது மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதாலமஸ் என்னும் சிறு உறுப்பில் இருக்கிறது. சாதாரணமாக அதன் மட்டம் ஏறத்தாழ 37 டிகிரி சென்டிகிரேடு. நோய்க்கிருமி உடலில் புகுந்தால், அதை எதிர்க்கும் இரத்த அணுக்கள் சில இரசாயனப் பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகி, கலங்கலின் மட்டத்தை உயர்த்திவிடுகிறது. உடனே உடல் நடுங்கிச் சூட்டைப் பெருக்குகிறது. அந்நடுக்கம் புதிய மட்டத்திற்கு நீரை நிரப்பும் முயற்சியேயாகும். மட்டம் மறுபடியும் இறங்கும்போது வியர்வை பெருகி, மிகுதியான சூடு வடிந்துபோகிறது.

ஆகவே சுரத்தைத் தணிக்க மூன்று வழிகள் உண்டு. வியர்வையைப் பெருக்கிச் சூட்டை வடித்துவிடலாம்; இது மதகைத் திறப்பது போன்றது. உயர்ந்த மட்டத்தையே இறக்கிவிடலாம். இது கலங்கலின்மேல் அடுக்கிய பலகையை எடுப்பது போன்றது. அல்லது பலகையை அடுக்கிய கையையே, அதாவது நோய்க்கிருமியையே, ஒழித்துவிடலாம். முதலிரண்டும் சூட்டைத் தணிக்கும். மூன்றாவது ஒன்றே நோயைத் தீர்க்கும். இந்த வேற்றுமையே இக்கட்டுரையின் ஆணிவேர்.

சீன வைத்தியரின் முறைகள்

சீன வைத்திய நூல்களுள் சுரத்தைப் பற்றி விரிவாகப் பேசுவது, கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் சாங் சொங்ஜிங் என்பவர் எழுதிய நூலாகும். உடம்பில் குளிர் புகுந்ததால் உண்டான காய்ச்சலுக்கு அவர் வியர்வை வருவிக்கும் சரக்குகளைக் கூறுகிறார். லவங்கப்பட்டை இனத்து மரத்தின் இளங்கிளை, இஞ்சி, இலந்தை இனத்துப் பழம், அதிமதுரம் முதலியவற்றைக் காய்ச்சிக் குடித்து, அதன்பின் சூடான அரிசிக் கஞ்சியைப் பருகிப் போர்த்துப் படுக்க வேண்டும் என்பது அம்முறை. நம் வீட்டுப் பெரியோர் சுக்குக் கஷாயமும் கஞ்சியும் கொடுத்துக் கம்பளியால் போர்த்துவதற்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே.

மா ஹுவாங் என்னும் செடியும் வியர்வைச் சரக்காகவே வழங்கி வந்தது. ஜப்பானிய இரசாயன நிபுணரான நாகாய் 1885-ஆம் வருஷத்தில் அதிலிருந்து எபெட்ரின் என்னும் பொருளைப் பிரித்தார். அது மூச்சுக் குழலை விரிக்கும். அதனுடன் இருதயத்தின் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இதன் கேட்டை உணர்ந்தே அமெரிக்க அரசாங்கம் 2004-இல் இப்பொருள் அடங்கிய சத்துணவுச் சரக்குகளை விலக்கிவிட்டது. மூலிகை என்பதனாலேயே ஒன்று சாதுவானது ஆகிவிடாது.

கடுஞ்சூட்டுடன் கூடிய காய்ச்சலுக்கு அதே நூல் கூறும் மற்றொரு குடிநீரைக் கேட்டால் நம் நிலக்கடலைக் குடியானவர்கள் வியப்படைவர். அதில் சேர்வன நான்கே சரக்குகள்: ஒரு கிழங்கு, அதிமதுரம், அரிசி, ஜிப்சம். ஹெக்டேருக்கு 400 கிலோ வீதம் நாம் நிலக்கடலைக்கு இட்டு மண் அணைக்கும் அதே ஜிப்சம்தான். சீனர் அதைக் குளிர்ச்சிப் பொருளாகக் கருதினர். சாய் ஹு என்னும் வேரும் அவர்களிடையே பெயர் பெற்ற சுர மருந்து. அவ்வேரைச் சீனத்தில் ஊசி மருந்தாகவும் செய்து பல்லாண்டு வழங்கினர். ஆயினும் 2018-இல் அந்நாட்டு மருந்து அதிகாரிகளே குழந்தைகளுக்கு அவ்வூசி கூடாது என்று உத்தரவிட்டனர். தம் பழைய மருந்தையும் சோதித்து, கேடு கண்ட இடத்தில் தடுக்கின்ற அந்த மனப்பான்மையை நாம் கவனிக்க வேண்டும்.

ஒரு செடியின் சரித்திரம்

சீன மூலிகைகளுள் உலகெங்கும் புகழ் பெற்றது சிங்ஹாவ் என்னும் செடி. நாம் மாலையில் வைத்துக் கட்டும் தவனமும் மாசிபத்திரியும் சேர்ந்த இனமே அதன் இனம். 1967-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி சீன அரசாங்கம் மலேரியாவுக்கு மருந்து காணும் இரகசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அந்தத் தேதியைக் கொண்டே அதற்கு 523 என்று பெயரிட்டனர். 1969-இல் பீக்கிங்கில் சீன வைத்திய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தூ யூயூ என்னும் பெண்மணி அவ்வேலையில் அமர்த்தப்பட்டார். பழைய நூல்களிலும் வைத்தியர்களிடமும் தேடி 2,000-க்கு மேற்பட்ட முறைகளைத் திரட்டி, ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து 380-க்கு மேற்பட்ட சாறுகளைச் சோதித்தனர். சிங்ஹாவ் ஒரு முறை பலன் தந்தது, மறுமுறை தரவில்லை.

காரணம் தேடிய தூ யூயூ, நான்காம் நூற்றாண்டில் கோ ஹுங் என்பவர் எழுதிய அவசர வைத்திய நூலை மறுபடியும் வாசித்தார். அதில் அச்செடியைக் காய்ச்சும்படி சொல்லியிருக்கவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படியே சொல்லியிருந்தது. கொதிக்கும் சூட்டில் மருந்துச் சத்து கெட்டுவிடுகிறதோ என்று அவர் ஐயுற்றார். குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சத்தை இறக்கினார். 1971 அக்டோபரில் அச்சாறு எலிகளின் இரத்தத்திலிருந்த மலேரியாக் கிருமிகளை முழுவதும் ஒழித்தது. 1972-இல் அவரும் உடன் வேலை செய்தோரும் அம்மருந்தை முதலில் தாமே உட்கொண்டு பார்த்து, பின்பு ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்துக் குணம் கண்டனர். அச்சத்தே ஆர்ட்டிமிசினின். 2015-ஆம் வருஷத்து வைத்திய நோபெல் பரிசில் பாதி தூ யூயூவுக்கு அளிக்கப்பட்டது.

இந்தச் சரித்திரத்தில் விவசாயியின் கண்ணுக்குப் படவேண்டிய செய்திகள் சில உள. சத்து இலையில் இருந்தது; தண்டினாலும் வேரினாலும் பயனில்லை. பூப்பதற்கு முன்பு பறித்த இலையே சிறந்தது. பீக்கிங் பக்கத்துச் செடியில் சத்து குறைவு. செசுவான் மாகாணத்துச் செடியில் மிகுதி. சிங்ஹாவ் என்ற பெயரால் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வழங்கின. அவற்றுள் ஒன்றே பயன் தந்தது. இனம், மண், பறிக்கும் பருவம், பறிக்கும் உறுப்பு, பக்குவம் செய்யும் முறை என்னும் இவ்வைந்தில் ஒன்று தவறினும் ஆயிரத்தறுநூறு ஆண்டு பழகிய மருந்து வெறும் தழையாகிவிடும். இவ்வைந்தில் நான்கு விவசாயியின் கையில் உள்ளவை.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சிங்ஹாவ் மேற்கூறிய மூன்றாவது வழியில் வேலை செய்கிறது. மலேரியாக் கிருமியைக் கொல்கிறது, அதனால் காய்ச்சல் இறங்குகிறது. மலேரியா அல்லாத காய்ச்சலுக்கு அது அவ்வாறு உதவாது. அச்செடியின் இலையைத் தேநீர்போல் காய்ச்சிக் குடிப்பதை உலக சுகாதார ஸ்தாபனமும் ஆதரிக்கவில்லை. அளவு குறைந்த மருந்தால் கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும் என்பதே காரணம். பூச்சிமருந்தைக் குறைந்த அளவில் திரும்பத் திரும்பத் தெளித்து, மருந்துக்கு அடங்காத பூச்சியை நாமே வளர்த்துவிட்ட அனுபவம் நமக்கு உண்டு அன்றோ? ஆகவே சிங்ஹாவைக் கொல்லைப்புறத்தில் வளர்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒப்பந்தம் செய்து இலையை வாங்கிச் சத்தை இறக்கும் தொழிற்சாலை இருந்தாலன்றி அது நமக்கு ஏற்ற பயிர் அன்று.

நம் நிலவேம்பு

சீனத்துக்குச் சென்று தேடவேண்டிய சுர மூலிகை நம் வரப்பிலேயே நிற்கிறது. நிலவேம்பின் தாயகம் இந்தியாவும் இலங்கையுமே. சீனரும் அதைத் தம் தென் மாகாணங்களில் பயிரிட்டு, சுவான் சின் லியான் என்று பெயரிட்டுத் தம் அரசாங்க மருந்து நூலில் சேர்த்திருக்கின்றனர். சயாம் தேசத்தில், அதாவது இன்றைய தாய்லாந்தில், அது அவசிய மருந்துப் பட்டியலில் இடம் பெற்றுள்ளது.

நம் சித்த வைத்தியத்தில் நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகள் சேர்ந்தது: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம். களையென்று நாம் கொத்தி எறியும் கோரையும் இதில் உண்டு. 2012-இல் டெங்குக் காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவியபோதும், 2017-இல் மறுபடியும் கடுமையாகத் தாக்கியபோதும், அரசாங்கமே இக்குடிநீரை வழங்கிற்று.

நிலவேம்பின் கசப்புச் சத்துக்கு ஆண்ட்ரோகிராஃபோலைடு என்று பெயர். கிருமியை எதிர்க்கும் அணுக்கள் வெளியிடும் தூண்டுபொருள்களை அது மட்டுப்படுத்துகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆகவே அதன் வேலை பெரும்பாலும் இரண்டாவது வழியைச் சேர்ந்தது, பலகையை எடுப்பது. தாய்லாந்தில் தொண்டை அழற்சியும் சுரமும் கண்ட 152 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 1991-இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 6 கிராம் நிலவேம்புத் தூள் உண்டவர்களுக்கு மூன்றாம் நாள் பாராசிட்டமால் உண்டவர்களைப்போலவே சுரமும் தொண்டைவலியும் தணிந்தன. 3 கிராம் மட்டும் உண்டவர்களுக்கு அவ்வளவு தணியவில்லை. அளவு குறைந்தால் பலன் குறையும் என்பது இதனால் விளங்கும். 6 கிராமில் இருக்க வேண்டிய சத்து, கிழட்டுத் தண்டும் பூஞ்சணம் பிடித்த இலையுமாக அறுத்த சரக்கில் 3 கிராம் அளவுக்கேனும் இருக்குமா என்பதே நான் கேட்பது.

என் பிழை

இவ்விடத்தில் என் பிழைகள் இரண்டைக் கூறவேண்டும். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு மிராசுதாரின் தென்னந்தோப்பில் பத்து சென்டில் நிலவேம்பு விளக்கச் சாகுபடி நடத்தினேன். பயிர் செழிப்பாக வளர்ந்தது. விதையும் கிடைக்கட்டும், எடையும் கூடட்டும் என்று, பூத்துக் காய்த்து முற்றும்வரை அறுக்காமல் விட்டேன். காய்கள் வெடித்து விதை சிதறிற்று, இலை பாதி உதிர்ந்தது, மிஞ்சியது தண்டு. எடை கூடியிருந்தது, ஆனால் சரக்கை வாங்க வந்தவர் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, “ஐயா, இது விறகு” என்று சொல்லிப் போய்விட்டார். அந்தச் சரக்கை வீணாக்க மனமின்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

அவ்வாறு வாங்கிச் சென்றவர்களுள் கரும்பு வெட்டும் கூலிப் படையின் மேஸ்திரி ஒருவரின் மனைவியும் ஒருவர். கணவருக்கு நான்கு நாளாகச் சுரம் என்றார். “கொதிக்கவைத்துக் கொடுங்கள் அம்மா, இறங்கிவிடும்” என்றேன். மேலும் ஐந்து நாள் அவர்கள் அக்கஷாயத்தையே நம்பியிருந்தனர். ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறி, அறிவு கலங்கிய நிலையில் அவரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார்கள். அங்கிருந்த டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குளில் சிகரெட்டுச் சுட்டதுபோல் கருத்த பொருக்கு ஒன்றைக் கண்டார். அது உண்ணிக் காய்ச்சல். புதரோரங்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. டாக்சிசைக்ளின் என்னும் விலை மலிந்த மருந்தைக் கொடுத்ததும் இரண்டு நாளில் சுரம் இறங்கிற்று. ஆயினும் அவர் பழைய பலம் பெற்றுக் கத்தி எடுக்க மூன்று மாதமாயிற்று. அந்த வெட்டுப் பருவத்தின் கூலி முழுவதும் போயிற்று. உயிரே போயிருந்தால் நான் என்ன விடை சொல்லியிருப்பேன்?

என் நிலவேம்பு நல்ல சரக்காக இருந்திருந்தாலும் அவரைத் தீர்த்திருக்காது. அது பலகையை எடுக்கக்கூடிய மருந்து. அவருக்குத் தேவைப்பட்டது பலகையை அடுக்கிய கையை ஒழிக்கும் மருந்து. கரும்பு இலை மஞ்சளானால் நாம் உடனே யூரியாவை அள்ளி வீசுகின்றோமா? தழைச்சத்துக் குறைவா, இரும்புச் சத்துக் குறைவா, நீர் தேங்கியதா, நோயா என்று பார்த்தல்லவா பரிகாரம் செய்கின்றோம்? பயிருக்குக் காட்டும் அந்த நிதானத்தை நான் ஒரு மனிதனுக்குக் காட்டவில்லை.

இரு தரத்தார் ஆட்சேபம்

நூற்றாண்டுகளாகப் பெரியோர் கையாண்ட மருந்துக்கு இன்னும் சோதனை எதற்கு என்று ஒரு சாரார் கேட்பர். அவர்களுக்கு நான் பெல்ஜிய தேசத்து விபத்தை நினைவூட்டுவேன். உடல் மெலிவதற்கென அங்கு விற்ற மாத்திரையில் சீன மூலிகையான ஹான் பாங் சி சேர வேண்டும். அதற்குப் பதிலாக, பெயர் ஒத்த குவாங் பாங் சி என்னும் வேறு செடி சேர்ந்துவிட்டது. 1993-இல் இது வெளியாயிற்று. ஏறக்குறைய நூறு பெண்களின் சிறுநீரகம் கெட்டது. அந்தச் செடி நம் ஊர் ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. பெயரை மட்டும் நம்பிச் செடியைப் பாராதவர் கண்ட பலன் இது. நம் கடைத்தெருவிலும் மலையிலிருந்து வரும் சீமை நிலவேம்பாகிய கிராயத்துக்குப் பதில் நிலவேம்பையே விற்பது உண்டு.

பாராசிட்டமால் மலிவாகக் கிடைக்கும்போது மூலிகை எதற்கு என்று மற்றொரு சாரார் கேட்பர். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் பாராசிட்டமாலும் பலகையைத்தான் எடுக்கிறது, நோயைத் தீர்ப்பதில்லை. நான் கஷாயத்தைப் பற்றிச் சொல்லும் எச்சரிக்கை மாத்திரைக்கும் பொருந்தும். அன்றியும், சிங்ஹாவ் ஒரு கிராம வைத்திய நூலிலிருந்து எழுந்து பல இலட்சம் உயிர்களைக் காத்தது. அத்தகைய செல்வத்தை, மாத்திரை இருக்கிறது என்பதற்காகத் தள்ளிவிடுவது விவேகமன்று.

குடியானவர் செய்ய வேண்டியவை

நிலவேம்பு பயிரிட விரும்புவோர் முதலில் வாங்குவோரை நிச்சயித்துக்கொண்டு, பத்து சென்டுக்கு மேற்படாமல் தொடங்குக. விதை மிகச் சிறியது. புதிதாக எடுத்த விதை சில மாதம் உறங்கும். ஆகையால் சென்ற பருவத்து விதையை மணலுடன் கலந்து நாற்றங்காலில் தூவி, நாற்றாக நடுவதே நலம். நீர் தேங்கும் நிலம் ஆகாது. தென்னந்தோப்பின் அரை நிழல் ஏற்றது. கரும்புக்குத் தெளிக்கும் அட்ரசின் முதலிய களைக்கொல்லி படும் ஓரங்களில் இதை நடாதீர்கள். நோயாளி குடிக்கப்போகும் இலையில் நஞ்சு கலக்கலாகாது.

நட்ட மூன்று நான்கு மாதத்தில் முதற் பூக்கள் தலைகாட்டும். அதுவே அறுவடைக் காலம்; ஒரு வாரமும் தாழ்த்தலாகாது. விதைக்கென்று தனியே ஒரு வரிசையை விட்டுவிட்டு, மற்றவற்றை அடியில் நான்கு விரற்கடை விட்டு அறுத்து, மண் படாமல் நிழலில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்துங்கள். கிளை ஒடிந்தால் சத்தம் கேட்கும் பதம் வரும்வரை மூட்டை கட்டாதீர்கள். மூட்டையின் மேல் செடியின் பெயர், நிலத்தின் சர்வே எண், அறுத்த தேதி ஆகிய மூன்றும் எழுதிக் கட்டுங்கள். நிலவேம்பைக் காய்ச்சியே குடிநீராக்குகின்றனர். சிங்ஹாவோ காய்ச்சினால் கெடும். ஒன்றன் முறையை மற்றொன்றுக்கு ஏற்றலாகாது. அளவும் சேர்க்கையும் பதிவு பெற்ற சித்த வைத்தியர் சொற்படியே இருக்கட்டும். கர்ப்பிணிகளுக்கு நிலவேம்பு கொடுக்கலாகாது.

கல்வராயன் மலையிலிருந்து வேரோடு பிடுங்கி வரும் மூலிகைகளை வாங்கிச் சேர்ப்பதையும் நம்மவர்கள் கைவிட வேண்டும். காட்டில் தாமாக விளையும் சிறு மகசூலின்மேல் மலைவாழ் மக்களுக்கு 2006-ஆம் வருஷத்துச் சட்டம் உரிமை அளித்திருக்கிறது. அவர்களிடம் நியாய விலையில் வாங்குவது முறையே. விதை விழுமுன் செடியை வேரோடு எடுக்கத் தூண்டுவது, விதைநெல்லைக் குத்தித் தின்பது போன்றது. சமவெளியில் பயிராகக்கூடியதைச் சமவெளியிலேயே விளைவித்தால் மலைக்கும் ஓய்வு கிடைக்கும்.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலில் மூலிகைப் பயிரை “இதர பயிர்” என்று எழுதிவிடாமல், அதன் பெயரையே எழுத வேண்டுகின்றேன். எங்கே எவ்வளவு விளைகிறது என்ற கணக்கின்றி, விற்பனைக்கோ விலைக்கோ இலாகாவினால் ஏற்பாடு செய்ய இயலாது. சரக்கை எடையால் மட்டும் வாங்காமல், இலையின் பங்கையும் சத்தின் அளவையும் சோதித்துத் தரம் பிரித்து விலை வைக்கும் முறை வரவேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். எடைக்கே காசு என்றால், என்னைப்போல் விறகு விளைவிப்பவரே மிகுவர்.

சுரக்காலத்தில் ஊர்ச்சாவடியில் எழுதிவைக்கத் தக்க விதிகள் சில. சுரம் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், கஷாயம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும். பல நிலையங்களில் சித்த வைத்தியப் பிரிவும் உண்டு. ஆகையால் இரு வைத்தியத்துக்கும் ஒரே நடை போதும். வரப்பு வெட்டியவரும் புதர் அழித்தவரும் உடம்பில் கருத்த பொருக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். சேற்றில் வேலை செய்தவருக்குச் சுரமும் கண் சிவப்பும் கெண்டைக்கால் வலியும் கண்டால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். டெங்குவில் ஆஸ்பிரின் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது இது: டெங்குவில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும் சமயமே அபாயமான சமயம். அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் ஒரு நாழிகையும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். “கஷாயம் வேலை செய்தது, சூடு இறங்கிவிட்டது” என்று வீட்டார் மகிழ்ந்து விளக்கை அணைத்துப் படுக்கும் இரவே சில வீடுகளில் கடைசி இரவாகிவிடுகிறது.

சீன தேசத்துச் செடியைக் காட்டிலும் சீன தேசத்துப் பாடமே நமக்கு வேண்டுவது. முன்னோர் சொல்லை மதித்து வாசித்தார்கள், அதைச் சோதித்தார்கள், இலையா தண்டா, பூக்குமுன்னா பின்னா என்று நுணுகிப் பார்த்தார்கள், எந்த நோய்க்கு உதவும், எதற்கு உதவாது என்று எல்லை வகுத்தார்கள். நம் வரப்பு நிலவேம்புக்கும் அந்த மரியாதையை நாம் செய்வோமாக. வரும் பருவத்தில் நான் மறுபடியும் பத்து சென்டில் நிலவேம்பு நடவிருக்கின்றேன். முதற் பூக் கண்ட அன்று அறுவடை. பார்க்க விரும்புவோர் மூங்கில்துறைப்பட்டுக்கு வரலாம். கேட்டவருக்கு ஒரு கட்டு இலையும் தருவேன், ஆனால் இம்முறை, “சுரம் எத்தனை நாளாக?” என்று கேட்ட பின்பே தருவேன்.

அரசாங்க வேளாண்மைச் செய்முறை விளக்க ஊழியர், மூங்கில்துறைப்பட்டு